அமெரிக்கப் பள்ளிகளில் வரலாறும் புவியியலும்: பாடத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

அமெரிக்கப் பள்ளிக் கல்வி பற்றி நம் வாட்ஸாப் குழுக்களில் சுற்றும் செய்திகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, "அடிமை முறையைப் பாடப்புத்தகத்திலிருந்தே தூக்கிவிட்டார்களாம்". மற்றது, "அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு வரைபடத்தில் சொந்த ஊரையே காட்டத் தெரியாதாம்". இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே 'அமெரிக்கப் பாடத்திட்டம்' என்று ஒன்று இருப்பதாக எடுத்துக்கொண்டு பேசுகின்றன. அப்படி ஒன்று கிடையாது.

நமக்கு அந்த எண்ணம் வருவதில் வியப்பில்லை. தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்குப் பாடத்திட்டம், பாடநூல் கழகத்தின் புத்தகம், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எல்லாமே அரசிடமிருந்து வருபவை. எந்த ஊர்ப் பள்ளியாக இருந்தாலும் அட்டைப்படம்கூட ஒன்றுதான். அமெரிக்காவில் இவை தனித்தனிக் கைகளில் இருக்கின்றன. சில மாநிலங்களில் வரலாற்றுக்கு மாநிலத் தேர்வே இல்லை.

## வாஷிங்டன் ஏன் ஒதுங்கி நிற்கிறது

1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பில் கல்வியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1791இல் சேர்ந்த பத்தாவது திருத்தம், மத்திய அரசுக்கு என்று கொடுக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியவை என்கிறது. அதனால் பள்ளிக்கூடம் மாநிலத்தின் பொறுப்பாயிற்று. மத்தியக் கல்வித் துறையை உருவாக்கிய சட்டமே 1979இல்தான் வந்தது. அந்தத் துறை பள்ளிகளின் பாடத்திட்டத்தைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று அதே சட்டம் தடையும் போட்டது. 2015இல் வந்த கல்விச் சட்டமும் அதை மீண்டும் சொல்கிறது. பள்ளிச் செலவில் மத்திய அரசின் பங்கு தோராயமாகப் பத்தில் ஒன்றுதான். ஒரு அதிபர் வரலாற்றுப் பாடத்தைப் பற்றி மேடையில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், நிதியைக் காட்டி அழுத்தமும் கொடுக்கலாம். ஐந்தாம் வகுப்புப் பாடத்தை எழுதிக் கொடுக்கும் அதிகாரம் மட்டும் அவருக்கு இல்லை.

நாடு முழுவதற்கும் ஒரு பொது அளவுகோலைக் கொண்டுவர ஒரு முறை முயன்றார்கள். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் இருந்த ஒரு மையம், வரலாற்றாசிரியர் கேரி நாஷ் போன்றோரின் வழிகாட்டலில் தேசிய வரலாற்றுத் தரநிலைகளை 1994இல் தயாரித்தது. மாநிலங்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை. அது முறைப்படி வெளிவருவதற்கு முன்பே லின் செனி அதைத் தாக்கி ஒரு நாளிதழில் எழுதினார். அந்தத் திட்டத்துக்கு நிதி கொடுத்த அமைப்புகளில் ஒன்றுக்கு முன்பு தலைவராக இருந்தவர் அவர்தான். ஜார்ஜ் வாஷிங்டன் போன்றவர்களுக்கு இடம் குறைந்துவிட்டது, நாட்டின் குறைகளே பெரிதாகத் தெரிகின்றன என்பது புகார். 1995 ஜனவரியில் செனட் 99-க்கு 1 என்ற கணக்கில் அந்தத் தரநிலைகளைக் கண்டித்தது. 1996இல் திருத்திய பதிப்பு வந்தும், நாட்டுக்கே பொதுவான வரலாற்றுப் பாடம் என்ற எண்ணம் அதோடு படுத்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், தேசியப் புவியியல் தரநிலைகளும் அதே 1994இல் வெளிவந்தன. அவற்றுக்கு இப்படியொரு எதிர்ப்பு எழவில்லை. மிசிசிப்பி எங்கே ஓடுகிறது என்பதில் யாருக்கும் கட்சி இல்லை போலும்.

இதுவரை பார்த்தது: நாட்டுக்கு ஒரே பாடத்திட்டம் இல்லை. சட்டப்படி மத்திய அரசு அதை எழுதவும் முடியாது. ஐம்பது மாநிலங்களும் தனித்தனியாக முடிவு செய்கின்றன.

## தரநிலை என்பது பந்திப் பட்டியல்

மாநிலம் வெளியிடுவதற்குக் கற்றல் தரநிலை என்று பெயர். ஒரு வகுப்பு முடியும்போது மாணவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல் அது. பாடம் வேறு, புத்தகம் வேறு.

கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். பெண் வீட்டார் சமையல்காரரிடம் ஒரு பட்டியல் கொடுக்கிறார்கள்: சாம்பார், வத்தக்குழம்பு, அவியல், ரெண்டு பாயசம். அவியலில் முருங்கைக்காய் போடுவதா வேண்டாமா, தேங்காய் எத்தனை மூடி என்பதெல்லாம் அதில் இருக்காது. மளிகை எந்தக் கடையில் வருகிறது என்பதும் அதில் இல்லை. இலையில் வந்து விழுவது பட்டியலில் இருந்ததுதான், ஆனால் சுவை சமையல்காரர் கையில். தரநிலை அந்தப் பட்டியல். பாடநூல் மளிகை. ஆசிரியர்தான் சமையல்காரர். "பாடத்தை மாற்றிவிட்டார்கள்" என்று செய்தி வந்தால் மாறியது பட்டியலா, மளிகையா, சமையலா என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

பட்டியலை எழுதுபவர்களும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவார்கள். டெக்சாஸில் 15 பேர் கொண்ட மாநிலக் கல்வி வாரியம் தேர்தலில் நின்று வென்று வருகிறது. கலிஃபோர்னியாவில் ஆளுநர் நியமிக்கும் வாரியம். அதற்கும் கீழே பள்ளி மாவட்டம் என்ற அமைப்பு உண்டு. இது நம் ஊர் வருவாய் மாவட்டம் மாதிரி இல்லை. ஒரு நகரத்தின் அல்லது சில ஊர்களின் அரசுப் பள்ளிகளை நடத்த, பெரும்பாலும் உள்ளூர் மக்களே தேர்ந்தெடுக்கும் தனி நிர்வாகம். நாட்டில் இப்படி சுமார் 13,000 இருக்கின்றன. ஹவாய் மட்டும் விதிவிலக்கு, மாநிலம் முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம். பட்டியலை எந்த மாதத்தில் எப்படி நடத்துவது, எந்தப் புத்தகத்தை வாங்குவது என்பதில் மாவட்டங்களுக்குக் கணிசமான உரிமை உண்டு.

## சொந்த மாநிலத்திலிருந்து தொடங்கும் வரலாறு

ஆரம்ப வகுப்புகளில் வரலாறும் புவியியலும் தனிப் பாடங்களாக இருப்பதில்லை. குடிமையியல், பொருளியலோடு சேர்த்து சோஷியல் ஸ்டடீஸ் என்ற ஒரே பாடமாக நடக்கும். 1916இல் ஒரு கல்விக் குழு அளித்த அறிக்கைக்குப் பிறகு பரவிய ஏற்பாடு இது. வரிசையும் பெரும்பாலும் ஒன்றுதான்: முதலில் குடும்பம், பிறகு பள்ளி, அக்கம்பக்கம், ஊர், நான்காம் வகுப்பில் சொந்த மாநிலம், ஐந்தாம் வகுப்பில் நாடு. குழந்தைக்குத் தெரிந்த வட்டத்திலிருந்து தெரியாத வட்டத்துக்கு விரித்துக்கொண்டே போவது திட்டம்.

மாநிலங்கள் அதிகம் பிரிவது நான்காம் வகுப்பில்தான். கலிஃபோர்னியப் பிள்ளைகள் ஸ்பானியப் பாதிரியார்கள் நிறுவிய மிஷன்கள் என்ற மதப்பணி நிலையங்களைப் படிக்கிறார்கள். நியூயார்க்கில் 1825இல் திறந்த ஈரி கால்வாய். டெக்சாஸில் 1836இல் நடந்த அலமோ கோட்டைச் சண்டை.

வர்ஜீனியாவை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் புவியியலும் வரலாறும் ஒன்றாகக் கலந்து நடக்கும் பாடம் அங்கே இருக்கிறது. வர்ஜீனியாவின் நான்காம் வகுப்பு மாணவர்கள் தங்கள் மாநிலத்தை ஐந்து நிலப்பகுதிகளாகப் படிக்கிறார்கள். கடற்கரைச் சமவெளி, அதற்கு மேற்கே பீட்மான்ட் என்ற மேட்டு நிலம், அப்புறம் மலைத்தொடர், பள்ளத்தாக்கு, மேற்கு மூலையில் ஒரு பீடபூமி. சமவெளியும் மேட்டு நிலமும் சந்திக்கும் இடத்துக்கு ஃபால் லைன் என்று பெயர். அருவிக்கோடு என்று வைத்துக்கொள்வோம். மேட்டு நிலத்தின் கடினப் பாறை முடிந்து சமவெளியின் மென்மையான மண் தொடங்குவதால் ஆறுகள் அங்கே பாறைகளில் மோதி இறங்குகின்றன.

கடலிலிருந்து ஆற்றில் ஏறி வரும் கப்பல் அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாது. சரக்கை இறக்கியே ஆக வேண்டும். இறக்கிய இடத்தில் கிடங்கு வரும், விழும் நீரைக் கொண்டு மாவு ஆலை ஓடும், கடை வரும், ஊர் வரும். ஜேம்ஸ் ஆற்றின் மேல் ரிச்மண்ட் நகரம் அப்படி எழுந்தது. ராப்பஹானக் ஆற்றில் ஃப்ரெடரிக்ஸ்பர்க், பொட்டோமாக் ஆற்றில் இன்றைய வாஷிங்டன், வடக்கே டெலவேர் ஆற்றில் ட்ரென்டன் எல்லாம் இந்தக் கோட்டின் மேல் கோத்த மணிகள். இன்று இந்த ஊர்களை இணைத்து ஓடும் ஐ-95 நெடுஞ்சாலையும் ஏறக்குறைய இதே கோட்டைப் பின்தொடர்கிறது.

ஆசிரியர் இன்னும் ஒரு படி மேலே போகலாம். சமவெளியின் பெரிய புகையிலைத் தோட்டங்கள் அடிமைகளின் உழைப்பில் நடந்தன. மேற்கு மலைப்பகுதியில் அப்படிப்பட்ட தோட்டங்கள் குறைவு, அடிமைகளும் குறைவு. வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கிடையே உள்நாட்டுப் போர் வந்தபோது வர்ஜீனியா நாட்டிலிருந்து பிரிந்துபோக, மலைப்பகுதி வர்ஜீனியாவிலிருந்து பிரிந்து 1863இல் மேற்கு வர்ஜீனியா என்ற தனி மாநிலமாயிற்று. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கு நிலப்படத்தை வைத்தே இவ்வளவும் சொல்லிவிடலாம். ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

நாட்டு வரலாறு ஒரே ஆண்டில் முடிவதில்லை. கலிஃபோர்னியாவில் ஐந்தாம் வகுப்பில் ஏறக்குறைய 1850 வரை, எட்டாம் வகுப்பில் முதல் உலகப் போர்க்காலம் வரை, பதினொன்றாம் வகுப்பில் இருபதாம் நூற்றாண்டு. மூன்றுக்குமே பாடத்தின் பெயர் 'அமெரிக்க வரலாறும் புவியியலும்' என்றுதான் தொடங்குகிறது. டெக்சாஸில் எட்டாம் வகுப்பு 1877 வரை, உயர்நிலைப் பள்ளியில் அதற்குப் பிந்தையது. எட்டாம் வகுப்பில் டெக்சாஸிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு மாறிப் போகும் பிள்ளை சிலவற்றை இரண்டு முறை படிக்கும், சிலவற்றைப் படிக்காமலே தாண்டிவிடும்.

சுருக்கமாக: பாடம் வீட்டிலிருந்து நாடு நோக்கி விரிகிறது, நான்காம் வகுப்பில் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது, நாட்டு வரலாறு தவணை முறையில் வருகிறது.

## பட்டியலில் ஒரு வரி மாறினால்

இப்போது சண்டைகளுக்கு வருவோம். டெக்சாஸில் உள்நாட்டுப் போரின் காரணங்களாகப் பகுதிவாதம் (நாட்டைவிடத் தன் பகுதியின் நலனையே பெரிதாக நினைப்பது), மாநில உரிமைகள், அடிமை முறை என்ற மூன்றும் இந்த வரிசையில் தரநிலையில் இருந்தன. அடிமை முறை கடைசியில். 2018இல் வாரியம் அதை மாற்றி, அடிமை முறை பரவியதுதான் மையக் காரணம் என்று எழுதியது. மாறியது ஒரு வரிதான். ஆனால் தேர்வுக் கேள்வியும் புத்தகமும் அந்த வரியைப் பார்த்துத்தான் எழுதப்படுகின்றன.

புளோரிடா கதை வேறு. 2023இல் அங்கே கறுப்பின மக்களின் வரலாற்றுக்குப் புதிய தரநிலைகள் வந்தன. அடிமைகள் கற்றுக்கொண்ட திறன்கள் சில நேரங்களில் அவர்களுடைய சொந்த நன்மைக்கும் பயன்படக்கூடியவையாக இருந்தன என்ற பொருளில் ஒரு விளக்கக் குறிப்பு அதில் இருந்தது. நாடே கொதித்தது. கொதிக்கத்தான் வேண்டும் என்பேன். ஆனால் நம் பக்கம் அந்தச் செய்தி "புளோரிடாவில் அடிமை வரலாற்றை நீக்கிவிட்டார்கள்" என்று வந்து சேர்ந்தது. அதே ஆவணம் அடிமை வரலாற்றை வகுப்புவாரியாக நடத்தச் சொல்கிறது. சண்டை எப்படி நடத்துவது என்பதில்.

இந்த வாரியங்கள் பொது விசாரணை நடத்தும். யார் வேண்டுமானாலும் போய்ச் சில நிமிடங்கள் பேசலாம். கலிஃபோர்னியாவின் ஆறாம் வகுப்புப் பண்டைய இந்தியப் பாடத்தை மாற்றச் சொல்லி 2005இல் இந்து அமைப்புகள் திருத்தங்கள் கொடுத்ததும், அவற்றை எதிர்த்துப் பேராசிரியர்கள் எழுதியதும், 2016இல் அதே சண்டை திரும்ப வந்ததும் இந்த வழியாகத்தான். அமெரிக்கா வாழ் இந்தியர்கள் பலர் மாநிலக் கல்வி வாரியம் என்று ஒன்று இருப்பதையே அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள்.

## மளிகைக் கடை: புத்தகம் எங்கிருந்து வருகிறது

பாடநூல்களை அரசு அச்சிடுவதில்லை. மெக்ரா-ஹில் போன்ற தனியார் நிறுவனங்கள் எழுதி விற்கின்றன. சில மாநிலங்கள் அவற்றைப் பரிசீலித்து 'இவற்றை வாங்கலாம்' என்று பட்டியல் போடும். அதற்குப் பாடநூல் ஏற்பு என்று பெயர். டெக்சாஸ், கலிஃபோர்னியா இரண்டிலும் பள்ளிப் பிள்ளைகள் தலா 50 லட்சத்துக்கு மேல். அவ்வளவு பெரிய வாடிக்கையாளர் கேட்டால் எந்த நிறுவனமும் வரியை மாற்றும். அதனால் ஒரே நிறுவனத்தின் ஒரே நூல் இரண்டு மாநிலப் பதிப்புகளாக வருவதுண்டு. கலிஃபோர்னியப் பதிப்பு ஒன்றில் துப்பாக்கி உரிமை பற்றிய இரண்டாவது திருத்தத்தின் பக்கத்தில், நீதிமன்றங்கள் சில கட்டுப்பாடுகளை அனுமதித்திருக்கின்றன என்ற குறிப்பு இருந்தது. டெக்சாஸ் பதிப்பில் அதே பக்கத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

2015இல் நடந்தது இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. ஹூஸ்டனுக்கு அருகே ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் புவியியல் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து வந்தவர்களைப் பற்றிய பகுதி. அங்கே இருந்த வரைபடத்தின் குறிப்பு, அட்லாண்டிக் அடிமை வணிகம் ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கான 'தொழிலாளர்களை' தெற்குத் தோட்டங்களில் வேலை செய்யக் கொண்டுவந்தது என்றது. வரலாற்றுப் புத்தகத்தில் இருந்திருந்தால் பலர் கண்ணில் முன்பே பட்டிருக்கும். இது புவியியல் புத்தகத்தில், படத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில். அம்மா அதை இணையத்தில் போட, செய்தி பரவ, மெக்ரா-ஹில் தவறை ஒப்புக்கொண்டு திருத்துவதாக அறிவித்தது. பட்டியல், வாரியம், பரிசீலனை எல்லாம் தாண்டி வந்த வரியைப் பிடித்தது ஒரு பதினைந்து வயதுப் பையன்.

இதுவரை: மாநிலம் பட்டியல் போடுகிறது, நிறுவனங்கள் அதைப் பார்த்துப் புத்தகம் எழுதுகின்றன, மாவட்டங்கள் வாங்குகின்றன. பிழை இவற்றில் எங்கே வேண்டுமானாலும் நுழையலாம்.

## வகுப்பறையில்

பட்டியல் மாறினாலும் பழக்கம் உடனே மாறாது. கலிஃபோர்னியாவின் மிஷன்கள் 1769இல் சான் டியாகோவில் தொடங்கி 1823இல் சோனோமா வரை மொத்தம் 21. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அதில் ஒன்றைச் சர்க்கரைக் கட்டிகளாலோ ஐஸ் குச்சிகளாலோ கட்டிக்கொண்டு வருவது பல தலைமுறைகளாக நடந்த வழக்கம். பாதிக்கு மேல் அப்பா அம்மா கட்டியதுதான் என்பது ஊரறிந்த ரகசியம். அந்த மிஷன்களுக்குள் பூர்வகுடி மக்கள் கட்டாய உழைப்பிலும் தொற்றுநோயிலும் பெருமளவில் இறந்தார்கள். சர்க்கரைக் கட்டிக் கோபுரத்தில் அது தெரியாது. 2016இல் மாநிலத்தின் புதிய வழிகாட்டி, மாதிரி கட்டுவதால் அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள முடியாது, பலருக்கு அது புண்படுத்துவதாகவும் இருக்கிறது என்று சொல்லி, அங்கே வாழ்ந்தவர்களின் அன்றாடத்தைப் படிக்கச் சொன்னது. அது வழிகாட்டிதான், தடையில்லை.

பட்டியலில் இருப்பது வகுப்பில் நடக்காமல் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு, நேரம். 2002இல் கையெழுத்தான மத்தியச் சட்டம் மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைக்கச் சொன்னது. வரலாறு அதில் இல்லை. தேர்வு இல்லாத பாடத்தின் பீரியடை எடுத்துத் தேர்வு உள்ள பாடத்துக்குக் கொடுப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதானே. டெக்சாஸில் உயர்நிலைப் பள்ளியை முடிக்க அமெரிக்க வரலாற்றில் மாநிலத் தேர்வு உண்டு. கலிஃபோர்னியாவில் இப்போது மாநில அளவில் வரலாற்றுத் தேர்வே இல்லை.

## "ஒன்றுமே தெரியாது" என்ற எண் எங்கிருந்து வந்தது

நேப் என்ற ஒரு தேசிய மதிப்பீடு இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் எழுதுவதில்லை. நாடு முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுத்த ஒரு மாதிரிக் குழு எழுதும். தனி மாணவருக்கு மதிப்பெண்ணும் கிடையாது. 2022இல் எட்டாம் வகுப்பு அமெரிக்க வரலாற்றில் 'தேர்ச்சி' நிலையைத் தொட்டவர்கள் 13 விழுக்காடு. அதைத்தான் "100க்கு 87 பேர் ஃபெயில்" என்று எழுதுகிறார்கள்.

நேப் சொல்லும் தேர்ச்சி நம் ஊர் பாஸ் மார்க் இல்லை. வகுப்புக்குரிய சாதாரண நிலையைவிட உயரமான கோடு அது. நடத்துபவர்களே அப்படித்தான் விளக்குகிறார்கள். கவலைப்பட வேண்டிய எண் இன்னொன்று: அடிப்படை நிலையைக்கூடத் தொடாதவர்கள் அதே தேர்வில் 40 விழுக்காடு. அதைத் தலைப்பில் போட யாருக்கும் தோன்றுவதில்லை.

புவியியலில் எட்டாம் வகுப்புக்கு நேப் கடைசியாக நடந்தது 2018இல். அப்போது தேர்ச்சி நிலையில் இருந்தவர்கள் 25 விழுக்காடு, வரலாற்றைவிடக் கூடுதல். அதன் பிறகு புவியியலைத் தேர்வு அட்டவணையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கணக்குக்கும் வாசிப்புக்கும் வருவது போல 2022 வரலாற்று முடிவுகள் மாநிலவாரியாக வரவும் இல்லை. நாட்டுக்கு மொத்தமாக ஒரே எண்தான். வர்ஜீனியாப் பிள்ளைகளையும் கலிஃபோர்னியாப் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதில் வழியில்லை.